வெயில் நாட்டிற்கு வேண்டாத உறுப்போ?

மோட்டார் வண்டியின் எஞ்சின் மிகக் கொதித்து வழியில் நின்றுவிடுமாயின், அதனைப் பழுது பார்க்க வருவோருள் பலர் முதற்கண் செய்வது ஒன்றுண்டு. எஞ்சினின் தலைப்புறத்தே தண்ணீர்க் குழாய் வந்து பொருந்தும் இடத்தில், மூன்று விரலகலமே உள்ளதாய் அமர்ந்திருக்கும் தெர்மோஸ்டாட் என்னும் சிறு வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு, அவ்விடத்தை வெறிதே மூடி, "நம் ஊர் வெயிலுக்கு இது வேண்டுவதில்லை, இது குளிர் நாட்டாருக்கென்று ஏற்பட்டது" என்று சொல்லி வண்டியை அனுப்பிவிடுவர். வண்டிக்குரியவரும் செலவு குறைந்தது என்று மகிழ்ந்து செல்வர். பட்டறைகளில் தோன்றிய இவ்வுரை நாளடைவில் பழமொழி போல் ஆகிவிட்டது. பழுதுற்ற தெர்மோஸ்டாட்டை நீக்கிவிட்டுச் சும்மா இருப்பது தவறென்பதும், அதற்கு ஈடாகப் புதியதொன்றை இடுவதே முறையென்பதும், அவ்வேலையைப் பல வண்டிகளில் வீட்டிலிருந்தே செய்துகொள்ளலாகும் என்பதும் எமது கருத்தாகும்.

தமிழ்ச் சிறப்பு வகுப்பிலே எழுத்தும் சொல்லும் பொருளும் கற்கும் மாணவர்க்கு எஞ்சின் ஆராய்ச்சி எற்றுக்கு என்று நண்பர் சிலர் நகைக்கக் கூடும். அவர்க்கு யாம் கூறும் விடை எளிது. எம் ஊராகிய தாடிக்கொம்பு திண்டுக்கல்லுக்கு வடக்கே, கரூர் செல்லும் நெடுஞ்சாலையை அடுத்து, குடகனாற்றங்கரையில் உள்ளது. சௌந்தரராஜப் பெருமாள் கோயிலின் சிற்பங்களைக் காண வருவோர் அவ்வூரை நன்கறிவர். அங்கும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் நள்ளிரவில் ஒருவர்க்கு நெஞ்சு வலி கண்டாலும், ஒருத்திக்குப் பேறுகால நோவு எடுத்தாலும், திண்டுக்கல் மருத்துவமனைக்கு ஏகுவதற்குப் பலர் நம்பியிருப்பது பழைய வாடகைக் காரையே. அக்கார் நடு வழியில் ஆவி கக்கி நிற்குமாயின் நேரும் இடர் எத்தகையது என்பதை யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. அதனை ஓட்டிப் பிழைப்பவர்க்கோ, கொதித்த எஞ்சினின் தலைப்பாகம் கோணிவிட்டால் பல மாதச் சேமிப்பும் ஒரு நாளிற் போய்விடும். ஆகவே இச்சிறு வால்வைப் பற்றிய பேச்சு வெறும் பட்டறைப் பேச்சன்று. பலருடைய வாழ்வைத் தொடும் பேச்சேயாம்.

இனி, தெர்மோஸ்டாட் என்பது யாதெனப் பார்ப்போம். வெப்பம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லும், நிலைநிற்பது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லும் கூடிப் பிறந்தது அப்பெயர். தமிழில் வெப்பநிலைப்படுத்தி என்னலாம். ஆயினும் பட்டறையிலும் கடையிலும் வழங்குவது தெர்மோஸ்டாட் வால்வு என்னும் பெயரே யாதலின் யாமும் அதனையே வழங்குவோம். ஸ்காட்லாந்து தேசத்து ரசாயன நூலாராகிய ஆண்ட்ரூ யூர் என்பார், வெப்பத்தால் வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகத் தகடுகளை ஒன்றாய்ப் பிணைத்து, அவை வளைவதைக் கொண்டு வெப்பத்தை அடக்கியாளும் கருவியொன்றினுக்கு 1830ஆம் ஆண்டிற் பதிவுரிமை பெற்றார். மோட்டார் வண்டி தோன்றிய பின்னர், எளிதில் ஆவியாகும் திரவத்தை மடிப்புக் குழலில் அடைத்துச் செய்த வால்வுகள் வழங்கின. பின்பு 1930களில் செர்ஜியஸ் வெர்னே என்பார் மெழுகினால் இயங்கும் வால்வை அமைத்தார். இன்று வண்டிகளில் உள்ளவை பெரும்பாலும் அவ்வகையினவே.

அதன் அமைப்பு வியக்கத்தக்க எளிமை வாய்ந்தது. சிறு பித்தளைக் குப்பியொன்றினுள்ளே மெழுகு அடைக்கப்பட்டிருக்கும். அம்மெழுகின் நடுவே ஓர் ஊசி செருகியிருக்கும். தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது மெழுகு இறுகிக் கிடக்கும். சுருள்வில்லொன்று வால்வின் வாயை மூடி வைத்திருக்கும். தண்ணீர் குறித்த சூட்டினை எய்தியவுடன் மெழுகு உருகிப் பருக்கும். பருத்த மெழுகு ஊசியை நெருக்க, வில் தாழ, வாய் திறக்கும். திறக்க வேண்டிய சூடு 82 என்றோ 88 என்றோ சென்டிகிரேடு அளவில் வால்வின்மேலேயே பொறித்திருக்கக் காணலாம். இதற்கு மின்சாரம் வேண்டா, ஆள் வேண்டா, எண்ணெயும் வேண்டா. தன்னைச் சூழ்ந்த நீரின் நிலையறிந்து தானே திறந்து தானே மூடும்.

எஞ்சினில் எரியும் எண்ணெயின் வெப்பத்திலே ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு அதனைச் சூழ்ந்தோடும் தண்ணீரைச் சேருகின்றது. அத்தண்ணீரைப் பம்பு சுழற்றுகின்றது. வண்டியைக் கிளப்பிய புதிதில் வால்வு மூடியிருத்தலால், தண்ணீர் முன்புறத்து ரேடியேட்டருக்குச் செல்லாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து விரைவிற் சூடேறும். வேண்டிய சூடு வந்தபின் வால்வு திறக்க, தண்ணீர் ரேடியேட்டர் சென்று ஆறி மீளும். மிகக் குளிர்ந்தால் வால்வு சற்றே மூடும். மிகச் சுட்டால் இன்னும் அகலத் திறக்கும். இவ்வண்ணம் எஞ்சினை அதற்கேற்ற சூட்டிலே நிறுத்துவதுதான் இதன் தொழில்.

நிற்க. இதனைக் கழற்றி எறிபவர் பக்கத்து நியாயத்தையும் நாம் கேட்டல் வேண்டும். அவர் அறிவிலார் அல்லர். மெழுகு கசிந்தோ துருவேறியோ வால்வு மூடியபடியே நின்றுவிடுதலும் உண்டு. அப்போது தண்ணீர் ரேடியேட்டருக்குப் போக வழியின்றி எஞ்சின் சில நிமிடங்களிற் கொதித்துவிடும். நடுச்சாலையில், நண்பகலில், வண்டி நிறைய ஆட்களுடன் நிற்கும் ஓட்டுநருக்குப் புதிய வால்வு எங்கே கிடைக்கும்? அதனைக் கழற்றிவிட்டால் தண்ணீர் தடையின்றி ஓடும். வண்டி ஊர் போய்ச் சேரும். அன்றைய கூலியும் கைக்கு வரும். 1950களின் பிற்பகுதியில் தொடங்கி 2014 வரையில் நம் நாட்டிற் செய்யப்பட்டு வந்த அம்பாசிடர் கார்களில் இவ்வழக்கம் மிகுதியும் வேரூன்றியது. உதிரி உறுப்பு எளிதிற் கிட்டாத காலத்தில், உள்ளதைக் கொண்டு ஒப்பேற்றிய திறமையே அதுவாகும். இடருக்கு உதவிய அம்முறையை யாம் இகழவில்லை. ஆனால் வழியிற் செய்த ஒப்பேற்றத்தை வீடு வந்தபின்னும் நிலையான வைத்தியமாகக் கொள்வதையே மறுக்கின்றோம். கால் முறிந்தவன் ஊன்றுகோலால் வீடு வரலாம். வந்தபின் எலும்பைச் சேர்க்காமலே விட்டுவிடுவானோ?

"நம் ஊர் வெயிலுக்கு வேண்டாம்" என்னும் வாதத்தை முதலில் ஆராய்வோம். திண்டுக்கல்லிற் கத்திரி வெயில் கொளுத்தும் சித்திரை, வைகாசியில் வெளிக்காற்றின் வெப்பம் 40 டிகிரியை அணுகும். மார்கழி விடியலில் அதிற் பாதியளவாகும். எஞ்சினுக்கு வேண்டிய சூடோ 80க்கும் 90க்கும் மேற்பட்டது. ஆகவே நம் நாட்டுக் கடுங்கோடையும் எஞ்சினுக்குக் குளிர்காலமேயாம். வால்வில்லாத வண்டி நெடுஞ்சாலையில் விரைந்து செல்லும்போது, எதிர்க்காற்று ரேடியேட்டரை ஓயாமல் வீசிக் குளிர்விக்க, எஞ்சின் தனக்குரிய சூட்டினை எய்தாமலே ஓடும். வெயில் நாடு என்பதால் சூடாக நெடுநேரம் ஆகாது என்பது உண்மை. சூட்டினை நிலைநிறுத்த ஒருவர் வேண்டா என்பது அதிலிருந்து பெறப்படுவதன்று. குளிர்நாட்டில் அடுப்பு மூட்ட அதிக நேரம் ஆகும் என்பதற்காக, வெயில் நாட்டிற் சோற்றை அரைவேக்காட்டில் இறக்குவார் உளரோ?

எஞ்சின் குளிர்ந்தே ஓடினால் யாது கேடு எனின், அது பலவாகும். பெட்ரோல் நன்றாக ஆவியாகாமல், துளிகளாகச் சிலிண்டர்ச் சுவரிற் படிந்து, அங்குள்ள எண்ணெய்ப் பூச்சைக் கழுவிக் கீழே இறங்கி, எண்ணெயையும் நீர்த்துப்போகச் செய்யும். எரிதலில் உண்டாகும் நீராவியும் அமிலப் புகையும் குளிர்ந்த சுவரிற் பனித்து இரும்பை அரிக்கும். 1930களில் இங்கிலாந்தில் சிலிண்டர்த் தேய்மானத்தைப் பற்றி ஸி. ஜி. வில்லியம்ஸ் என்பார் நடத்திய ஆராய்ச்சிகள், உராய்வினால் மட்டுமேயன்றிக் குளிர்ந்த சுவரில் நிகழும் இவ்வமில அரிப்பினாலும் எஞ்சின் பெரிதும் தேய்கின்றது என்பதை விளக்கிக் காட்டின. ஈரம் எண்ணெயிற் கலந்தால் அது களிபோற் கெட்டியாகி நுண்ணிய வழிகளை அடைக்கும். இவையெல்லாம் ஒரே நாளில் வெளிப்படா. கரையான் அரிப்பது போல் உள்ளிருந்தே மெல்ல மெல்ல நிகழும். ஆதலினாலேயே வால்வைக் கழற்றியவர்மீது எவரும் குற்றம் சாட்டுவதில்லை.

இக்காலத்து வண்டிகளில் இக்கேடு இன்னும் மிகுதி. கார்புரேட்டர் போய், பெட்ரோலை அளந்து தெளிக்கும் மின்னணு முறை வந்தபின், தண்ணீரின் சூட்டினை ஒரு சிறு சென்ஸார் இடைவிடாது கண்டு எஞ்சினை ஆளும் கணினிக்கு அறிவிக்கின்றது. தண்ணீர் குளிர்ந்திருக்கக் கண்ட கணினி, எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று கருதிப் பெட்ரோலை மிகுதியாகத் தெளித்துக்கொண்டே இருக்கும். எண்ணெய்ச் செலவு ஏறும், புகை கெடும், புகையைத் தூய்மை செய்யும் கருவியும் தன் தொழிலை நன்கு செய்யாது. பல வண்டிகளில் ஓட்டுநரின் முன் எச்சரிக்கை விளக்கும் எரியும். அதனைக் கருவியிட்டுப் பார்த்தால் தோன்றும் பி0128 என்னும் குறி, தெர்மோஸ்டாட் காக்க வேண்டிய சூட்டினைத் தண்ணீர் எய்தவில்லை என்று உணர்த்துவதே. வால்வை எறிந்து மிச்சம் பிடித்த சில நூறு ரூபாயைப் பெட்ரோல் கடையிலே பன்மடங்காகக் கட்டுகின்றோம் என்பது இதனால் விளங்கும்.

இன்னுமொரு வியப்பு உண்டு. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடிப்புறத்தே மற்றொரு தட்டு அமைந்திருக்கும். மேல்வாய் திறக்கும்போது அத்தட்டு கீழிறங்கி, ரேடியேட்டருக்குப் போகாமற் சுற்றிவரும் குறுக்கு வழியை அடைத்துவிடும். வால்வை முழுதும் நீக்கிவிட்டால் அக்குறுக்கு வழி என்றும் திறந்தே கிடக்கும். அப்போது தண்ணீரில் ஒரு பகுதி ஆறப் போகாமலே சுட்டபடி எஞ்சினுக்குள் மீளும். ஏற்றத்திலும் கடும் பாரத்திலும் அத்தகைய வண்டி முன்னினும் அதிகமாகக் கொதித்தலும் கூடும். கொதிப்பை நீக்கச் செய்த வைத்தியமே கொதிப்பை வருவிக்கின்றது.

அப்படியானால் நம் வண்டிகள் இத்துணை கொதிப்பது ஏன்? வால்வு பழுதாவது ஒரு காரணமே. அதனினும் பெரிய காரணம் பலவிடத்தும் தண்ணீர்தான் என்பது எமது துணிபு. திண்டுக்கல் வட்டாரத்துக் கிணற்று நீரின் உப்பு யாவரும் அறிந்ததே. சோறு வடிக்கும் பானையிலும் வெந்நீர்த் தவலையிலும் வெள்ளை வெள்ளையாகப் படியும் காரையை எம் தாய்மார் புளியிட்டுத் தேய்ப்பதை நாம் நாளும் காண்கிறோம். அந்நீரையே ரேடியேட்டரில் வார்த்தால், அதன் நுண்குழல்களிலும் எஞ்சினின் உட்சுவர்களிலும் அதே காரை படியாதிருக்குமோ? அங்குப் புளியிட்டுத் தேய்ப்பார் எவருமிலர். குழல்கள் அடைபட, வெப்பம் வெளியேற மாட்டாமல் எஞ்சின் கொதிக்கும். வால்வின் ஊசியிலும் வில்லிலும் துருவும் காரையும் ஏறி அது சிக்கும். குற்றம் செய்தது உப்பு நீர். தண்டனை பெற்றது தெர்மோஸ்டாட்!

கூலன்ட் என்னும் நிறமிட்ட நீரை வார்க்க வேண்டும் என்பது இதனாலேயே. அது குளிர்நாட்டிற் பனிக்கட்டியாகாமற் காப்பதற்கென்று மட்டும் எண்ணற்க. துருவையும் காரையையும் தடுப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும் அதன் தொழில்களே. கொதிநிலையை உயர்த்துவதில் ரேடியேட்டர் மூடிக்கும் பங்குண்டு. திண்டுக்கல் கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 270 மீட்டர் உயரத்தில் இருத்தலால், இங்குத் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 99 டிகிரியிலேயே கொதிக்கும். கொடைக்கானலோ 2100 மீட்டர் உயரத்தது. அங்கு 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியின் வில் தண்ணீரை அழுத்தி வைத்திருப்பதால் அக்கொதிநிலை ஏறக்குறைய இருபது டிகிரி உயர்கின்றது. அம்மூடியின் ரப்பர் நைந்து அழுத்தம் போய்விட்டால், வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறும் வண்டி பாதி வழியிலேயே ஆவி கக்கும். அப்பொழுதும் பழி சுமப்பது பெரும்பாலும் தெர்மோஸ்டாட்டேயாகும்.

இனி, இவ்வேலையை வீட்டிற் செய்யும் முறையைக் கூறுவோம். சென்ற கோடை விடுமுறையில் எம் தமையனார், பிறர் கைமாறி வந்த தமது பழைய காரின் சூடு காட்டும் முள் நடுவுக்கு ஏறாமல் அடியிலேயே கிடப்பதைக் கண்டு ஐயுற்றார். வீட்டு வாயிலில் வேப்ப நிழலிலே அதனை யாமிருவரும் திறந்து பார்த்தபோது, வால்வு இருக்க வேண்டிய இடம் வெறுமையாய் இருந்தது. முன்னே எவரோ கழற்றி எறிந்திருந்தனர். வண்டியை விற்றவரும் அதனை அறிந்திலர் போலும். திண்டுக்கல் கடையில் வண்டியின் பெயரும் ஆண்டும் சொல்லிப் புதியதொன்றை வாங்கி வந்தோம்.

இடுவதற்கு முன் அதனைச் சோதித்தல் நன்று. அடுப்பில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, வால்வை நூலிற் கட்டி அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, வெப்பமானி ஒன்றையும் உடன் வைத்தோம். எம் அன்னையார் "காருக்கும் காப்பி வைக்கிறீர்களோ?" என்று நகைத்தார்கள். பொறித்திருந்த 82ஐ முள் அணுகும் வேளையில் அதன் வாய் மெல்ல நெகிழ்ந்தது. கொதிக்கும் தறுவாயில் அகலத் திறந்தது. வெளியே எடுத்து ஆறவைக்கத் தானே மூடிக்கொண்டது. பழைய வால்வு நல்லதோ கெட்டதோ என்று அறிவதற்கும் இதுவே வழி.

வேலையைத் தொடங்குமுன் அறிய வேண்டிய முதல் விதி, எஞ்சின் முற்றிலும் ஆறியிருத்தல் வேண்டும் என்பது. சுட்ட ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் அடங்கியிருந்த நீர் சீறி எழுந்து முகத்தையும் கையையும் வெந்து போகச் செய்யும். காலையில், வண்டியைக் கிளப்புமுன் செய்வதே தக்கது. இரண்டாவது விதி, வடிக்கும் கூலன்ட்டைத் தட்டிலே பிடித்து மூடி வைத்தல். அது இனிப்புச் சுவையுடைய நஞ்சு. நாயும் கோழியும் ஆடும் குழந்தையும் நடமாடும் வாசலில் அதனைச் சிந்திவிடுதல் பெரும் பாவமாகும். கிணற்றோரத்திலும் வாய்க்காலிலும் கொட்டுதலும் ஆகாது.

நீரை வடித்தபின், மேற்குழாயின் பிடிவளையத்தைத் தளர்த்திக் குழாயைக் கழற்றுக. அது பொருந்தியிருந்த மூடியை இரண்டு அல்லது மூன்று போல்ட்டுகள் பிடித்திருக்கும். அவற்றை ஸ்பானரால் நீக்குக. சில எஞ்சின்களில் இவ்வமைப்புக் கீழ்க்குழாயின் பக்கத்தில் இருத்தலும் உண்டு. மூடியை எடுத்தால் வால்வு வெளிப்படும். பழைய கேஸ்கெட்டின் மிச்சத்தைச் சுரண்டும்போது அலுமினியத்தைக் கீறிவிடாமல் மெல்லச் செய்க; கீறல் விழுந்தால் அவ்வழியே நீர் கசியும். புதிய வால்வை இடும்போது மெழுகுக் குப்பியும் வில்லும் உள்ள புறம் எஞ்சினை நோக்கியிருத்தல் வேண்டும். சூட்டினை உணர வேண்டியது அப்பக்கமே. திருப்பி இட்டால் காலத்தில் திறவாது. தட்டில் ஆடும் சிறு ஊசி இருக்குமாயின் அதனை மேலே வருமாறு வைக்க. அடைபட்ட காற்று வெளியேறுவது அதன் வழியே. புதிய கேஸ்கெட்டை இட்டு, போல்ட்டுகளை ஒன்று மாற்றி ஒன்றாகச் சமமாக முறுக்குக. வலிமையைக் காட்ட இது இடமன்று. அளவு மீறினால் அலுமினியத்தின் மரை போய்விடும்.

பின்பு கூலன்ட்டை, ஏற்கெனவே நீர் கலந்ததாயின் அப்படியேயும், கலவாததாயின் உற்பத்தியாளர் சொன்ன அளவில் காய்ச்சி வடித்த நீருடனும் சேர்த்து மெல்ல வார்க்க. மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓடவிட்டால் உள்ளிருந்த காற்று குமிழி குமிழியாய் வெளிவரும்; நீர் இறங்க இறங்க மேலும் வார்க்க. மேற்குழாய் நெடுநேரம் குளிர்ந்தேயிருந்து, பின்பு சட்டெனச் சுடுமாயின் வால்வு திறந்தது என்று அறியலாம். அதன்பின் மூடியை இட்டு, கசிவு உண்டோ என நோக்கி, சிறிது தூரம் ஓட்டி, மீண்டும் ஆறியபின் நீரின் அளவைச் சரிபார்த்தால் வேலை முடிந்தது. எம் தமையனாரின் காரில் அன்று முதல் முள் நடுவிற் சென்று நின்று அசையாதிருக்கின்றது.

எல்லா வண்டியிலும் இதனை வீட்டிற் செய்யலாம் என்று யாம் கூற வரவில்லை. சில புதிய வண்டிகளில் வால்வு மிக ஆழத்தே புதைந்துள்ளது. சிலவற்றில் மின்சாரத்தால் ஆளப்படுகின்றது. அவற்றைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுவதே அறிவுடைமை. அங்கும் "வால்வு வேண்டாம் என்று எடுத்துவிடாதீர், புதியதே இடுக" என்று சொல்லும் அளவுக்கேனும் வண்டிக்குரியவர் அறிந்திருத்தல் வேண்டும். மெக்கானிக் பலர் உடையவர் விரும்பும் வைத்தியத்தையே செய்கின்றனர். செலவின்றி உடனே முடிக்குமாறு நாம் நெருக்கினால், அவர் எறிவதற்கு எளிய உறுப்பையே எறிவார். பழக்கத்தின் பிழை பட்டறைக்கு மட்டும் உரியதன்று. நமக்கும் அதிற் பங்குண்டு.

படித்தவர் கையில் எண்ணெய்க் கறை படுதல் இழிவென்று கருதுவாரும் நம்மிடை உளர். அவர் ஜி. டி. நாயுடு அவர்களின் வரலாற்றைக் கருதுவாராக. பள்ளிக் கல்வி மிகுதியும் பெறாத அவர், ஓட்டலில் வேலை செய்து பொருள் சேர்த்து, ஒரு மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, அதனை உறுப்புறுப்பாகப் பிரித்துப் பூட்டிக் கற்றார். பின்பு 1920இல் பழனிக்கும் பொள்ளாச்சிக்கும் இடையே ஒரே பஸ்ஸுடன் தொழில் தொடங்கித் தாமே அதனை ஓட்டினார். பிரித்துப் பார்த்தவரிடமே பொருளின் மெய்ம்மை வெளிப்படுகின்றது. சொல்லைப் பகுதி விகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றும் நிற்கும் காரணம் கேட்கப் பழகிய இலக்கண மாணவர், எஞ்சினின் உறுப்பைக் கண்டும் "இஃது ஈண்டு நிற்பது எதன் பொருட்டு?" என்று கேட்பதில் வியப்பென்ன? காரணம் கேளாமலே ஓர் உறுப்பை வேண்டாததென்று எறிதல் சொல்லிலும் ஆகாது, பொருளிலும் ஆகாது.

திண்டுக்கல்லார்க்கு இதனை உணர்த்த நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் ஊர்ப் பூட்டு நாடெங்கும் பெயர் பெற்றது. 2019இல் புவிசார் குறியீடும் எய்தியது. அதனுள்ளே கைவினைஞர் அமைக்கும் நெம்புத் தகடுகள் உரிய சாவிக்கே வழிவிட்டு ஏனையவற்றைத் தடுத்து நிற்கும். பூட்டு நாள்பட்டுச் சிக்குகிறது என்று நம் பூட்டுக்காரரிடம் கொடுத்தால் அவர் அத்தகடுகளைத் துடைத்துச் செம்மை செய்வார். தேய்ந்திருந்தால் புதியது இடுவார். "தடுப்பதுதானே இது, எடுத்துவிடுவோம்" என்று எல்லாவற்றையும் கழற்றுவாராயின் பூட்டு எளிதாகத் திறக்கத்தான் செய்யும். ஆனால் யார் சாவிக்கும் திறக்கும்! தடுப்பதொன்றே அதன் தொழிலென்று நாம் எண்ணுவதும், காப்பதே அதன் தொழிலென்று அவர் அறிந்திருப்பதுமே வேற்றுமை.

ஆதலின், இம்மலரைப் படிக்கும் மாணவரும் ஆசிரியரும் பழைய மாணவரும் தத்தம் வண்டியின் சூடு காட்டும் முள்ளை ஒருமுறை நோக்குவாராக. அரைமணி ஓடியபின்னும் அது அடியிலேயே கிடக்குமாயின், வால்வு திறந்தபடி நின்றதோ, முன்னமே எறியப்பட்டதோ என ஆராய்வாராக. எஞ்சின் கொதிக்க, மேற்குழாய் மட்டும் குளிர்ந்திருக்குமாயின், அது மூடியபடி சிக்கியதோ என ஐயுறுவாராக. இரண்டிற்கும் மருந்து ஒன்றே: சில நூறு ரூபாய் விலையுள்ள புதிய வால்வும், உப்பில்லாத நல்ல நீரும், ஒரு காலைப் பொழுதின் பொறுமையும். இம்மூன்றும் இருக்குமாயின், நள்ளிரவில் நோயாளியை ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் நோக்கி விரையும் வண்டி நடுவழியில் நில்லாது சென்று சேரும்.